குதிகாலோடு முடிந்துபோகும் சோதனை

திருக்கனூர் கடைத்தெருவில் எந்த மாதம் போனாலும் ஓர் இலவச முகாமின் பேனர் தொங்குகிறது. கண், சர்க்கரை என்று இருந்தது போய், இப்போது எலும்பு அடர்த்தி. குறை சொன்னால், "ஒன்றும் இல்லாததற்கு இதுவாவது இருக்கட்டுமே" என்கிறார்கள். பெண்களைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆண்களைப் பொறுத்தவரை இல்லவே இல்லை.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குதிகாலில் பசை தடவி ஒலியலையைச் செலுத்தும் கருவி அது. கதிர்வீச்சு கிடையாது, சில நிமிட வேலை, வேனில் ஏற்றி மண்ணாடிப்பட்டு கொம்யூனின் எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு பலவீனப்படும் என்ற செய்தியை ஊருக்குள் கொண்டுவந்ததில் இந்த முகாம்களுக்குப் பங்கு உண்டு.

என் எதிர்ப்பு பழையது. சீட்டில் அச்சாகும் ஓர் எண்ணைத் தீர்ப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்ற எல்லையை உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்தது. மாதவிடாய் நின்ற வெள்ளைக்காரப் பெண்களை வைத்து, எலும்பு அடர்த்தியை எக்ஸ்ரேயால் அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்காக வகுத்த எல்லை அது. குதிகால் கருவியின் எண்ணுக்கு அதே எல்லையைப் பொருத்தக் கூடாது. பொருத்துகிறார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். சிவப்பென்றால் ஓர் அட்டை கால்சியம் மாத்திரை, பச்சையென்றால் "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, போங்க."

அந்தப் பச்சைதான் ஆபத்து. சீனாவில் 2017-18-இல் நடந்த பெரிய ஆய்வில், 40 வயதைத் தாண்டிய பெண்களில் 20.6 சதவீதத்தினருக்கு எலும்புப்புரை. ஆண்களில் 5 சதவீதம்தான். ஆனால் முதுகெலும்பு முறிவு? ஆண்களில் 10.5 சதவீதம், பெண்களில் 9.7. அடர்த்தி எண்ணில் நான்கில் ஒரு பங்காகத் தெரிந்த ஆண்கள், முறிவில் பெண்களுக்குச் சமமாக நிற்கிறார்கள். அதுவும் குதிகால் கருவி அல்ல, டெக்ஸாவே சொன்ன எண். வயதான ஆண்களின் இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பில் தேய்மானத்தால் முளைக்கும் எலும்பு, அடர்த்தியைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு.

அப்படியானால் எண்ணை மட்டும் பார்த்து ஓர் ஆணை எப்படி அனுப்பிவைக்கலாம்? எலும்பை அரிப்பது எது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாததல்ல. அரசு உரிமத்தோடு நடக்கும் சாராயக்கடை. பீடி. மூச்சிரைப்புக்கும் மூட்டுவலிக்கும் வருடக்கணக்காக விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை. என்ன மருந்தென்று தெரியாமல் போட்டுக்கொள்ளும் வலி ஊசி. நான் பார்த்த முகாம் எதிலும் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. "சமீபத்தில் விழுந்தீர்களா? உயரம் குறைந்திருக்கிறதா?" என்றும் கேட்கவில்லை. கேட்கக் கருவி வேண்டாம், காசும் வேண்டாம். ஒரு பெஞ்சும் பத்து நிமிடமும் போதும்.

போதாக்குறைக்கு, எல்லாவற்றுக்கும் 'எலும்புத் தேய்மானம்' என்ற ஒரே சொல். கரும்பு வெட்டியே முழங்கால் தேய்ந்தவர் அந்த வலிக்காக வரிசையில் நிற்கிறார். மூட்டுத் தேய்மானம் வேறு, எலும்புப்புரை வேறு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. பச்சைச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போகிறார். பொய்யான அந்த நிம்மதியை முகாம்தான் அவருக்குக் கொடுத்தது. இடுப்பு எலும்பு முறிந்தால் ஓராண்டுக்குள் சாவது பெண்களைவிட ஆண்களில் அதிகம். 'ஒன்றும் இல்லாததற்கு' என்ற வாதம் இங்கேதான் உடைகிறது: முகாமே நடக்காமலிருந்தால் அவர் மனதில் ஒரு சந்தேகமாவது மிச்சம் இருந்திருக்கும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் கொஞ்சம் குட்டையானதுபோலத் தோன்றினால், முதுகு கூனியிருந்தால், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்திருந்தால், சீட்டு என்ன நிறம் என்று பார்க்காதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். முதுகுக்கு ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.