வடிவம் காத்தலும் புழக்கம் காத்தலும்: காஞ்சிபுரம் நெசவாளர் வீடும் ஈழத்து மீள்கட்டுமானமும்

முன்னுரை

போரால் அழிந்த ஊர்களை மீளக் கட்டும்போது மரபு வீட்டமைப்பைப் பேண வேண்டும் என்னும் கருத்தை மறுப்பார் அரியர். எனினும், பேணத்தக்க மரபு கூரையிலும் தூணிலும் உள்ளதா, வீட்டினுள் நிகழும் தொழிலிலும் புழக்கத்திலும் உள்ளதா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. வீடும் தொழிலும் பிரியாத காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டை அளவுகோலாகக் கொண்டு, 2009இல் போர் முடிந்தபின் இலங்கையின் வடக்கில் எழுந்த வீட்டுத்திட்டங்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

காஞ்சி காட்டும் அளவுகோல்

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளின் பழைய வீடுகள் முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு செல்வன. தெருவை ஒட்டித் திண்ணை, உள்ளே குழித்தறி. நெய்பவர் தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி மிதிகளை இயக்குவதால் வீட்டின் தரையே தறியின் உறுப்பாகிறது. பாவை நீட்டிச் சீர்செய்யத் தெரு வேண்டும். ஆகவே இவ்வீடு சுவரோடு முடிவதில்லை. 1996இல் திறக்கப்பட்ட முட்டுக்காடு தட்சிணசித்ராவில் காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடும் காக்கப்பட்டுள்ளது. அம்முயற்சி போற்றத்தக்கது. ஆயினும், அவ்வீட்டிற்குப் பொருள் தந்த தெருவையும் அண்டைவீட்டு உறவையும் பெயர்த்து நடுதல் இயலாது.

எவருடைய மரபு?

யாழ்ப்பாணத்து மரபு வீடு என்றதும் நாற்சார் வீடே சுட்டப்படுகிறது. நடுவில் திறந்த முற்றமும் நாற்புறமும் தாழ்வாரமும் அறைகளும் கொண்ட அது, பெரும்பாலும் வசதி படைத்தோர் வீடு. மண்சுவர், பனையோலை அல்லது கிடுகுக் கூரை, தனியே நின்ற குசினி ஆகியவற்றைக் கொண்ட குடிலும் மரபே. திண்ணையில் எவர் அமரலாம் என்பதைச் சாதி வரையறுத்ததும் வரலாறு. இவற்றைக் கருதாது நாற்சார் வடிவை மட்டும் மீட்க முனைவது, ஒரு சாராரின் நினைவை அனைவர்க்கும் உரியதாக்கும்.

திட்டங்களின் அளவை

இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டத்தில், வடக்கு கிழக்கில் புதிய வீட்டிற்கு 5,50,000 இலங்கை ரூபாய் தவணைகளாக வழங்கப்பட்டது. பயனாளிக் குடும்பங்களே கட்டுமானத்தை நடத்தின. தன் வீட்டைத் தானே தீர்மானிக்கும் உரிமை இம்முறையின் வலிமை. ஆனால் தொகை வரையறுக்கப்பட்டதால் பல குடும்பங்கள் கடன்பட்டன. பணம் போதாதபோது முதலில் கைவிடப்படக்கூடியவை தாழ்வாரமும் தனிக் குசினியுமே; உள்பரப்பை மட்டும் அளக்கும் திட்டத்தில் அவ்விழப்பு குறையாகப் பதிவாவதும் இல்லை. 2016இல் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் முன்மொழியப்பட்டபோது வெப்பம், மிகுசெலவு, உள்ளூர்த் தொழிலாளர்க்கு வேலையின்மை ஆகிய காரணங்களால் எதிர்ப்பு எழுந்தது. மக்கள் அங்குக் கேட்டது பழைய தோற்றத்தை அன்று; தட்பவெப்பத்திற்கும் பிழைப்பிற்கும் இசைந்த வீட்டையே கேட்டனர்.

முடிவுரை

காஞ்சி நெசவாளருக்குத் தறிக்குழி எத்தகையதோ, அத்தகையதே வன்னி உழவர்க்கு நெல் உலர்த்தும் முற்றமும் கரையோர மீனவர்க்கு வலை திருத்தும் நிழலும். மீள்கட்டுமான மதிப்பீடுகள் சதுர அடியோடு இத்தொழிலிடங்களையும் கணக்கிட்டு, அவற்றிற்குத் தனித்தொகை ஒதுக்குதல் வேண்டும். அவ்வொதுக்கீடு இன்றேல் மரபு பேணல் முகப்பு அலங்காரமாகச் சுருங்கும். நெசவாளர் தெருக்களில் பழைய வீடுகளை இடித்து எழும் கான்கிரீட் வீடுகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.