காணாமற்போன பயணக் குறிகளை மீட்கும் முறை: ஒரு திறனாய்வு

முன்னுரை

ஜியோகேச்சிங் என்பது ஜி.பி.எஸ். கருவியின் துணையோடு, யாரோ மறைத்து வைத்த பெட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஆகும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. அதே மே 3ஆம் நாள், ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். விளையாட்டு அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

இந்தப் பெட்டிகளுக்குள் சில சமயம் எண் பொறித்த ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். அதனுடன் ஒரு பொம்மையோ சாவிக்கொத்தோ கோக்கப்பட்டிருக்கும். இதற்கு 'டிராவல் பக்' என்று பெயர். இக்கட்டுரையில் இதனைப் பயணக் குறி என்று அழைப்போம். ஒருவர் அதை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து, வேறு ஊரில் உள்ள இன்னொரு பெட்டியில் வைக்க வேண்டும். எடுத்ததையும் வைத்ததையும் இணையத்தில் பதிய வேண்டும். பொருளின் உரிமையாளர் வீட்டில் இருந்தபடியே அதன் பயணத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக் கைமாறும் பொருள்களில் பல காணாமற்போகின்றன. அப்போது யாரிடம், எப்படிக் கேட்பது? இதற்கென அந்த விளையாட்டில் உருவான வழக்கங்களையும், இரவல் கொடுத்த நூலைத் தேடிய தமிழ்நாட்டு அனுபவத்தையும் ஒப்பிட்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கத்தில் உள்ள விதிகள்

பயணக் குறிக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று யாவரும் பார்க்கக்கூடிய எண். மற்றொன்று தகட்டில் மட்டும் பொறித்த இரகசிய எண். பொருளைக் கையில் எடுத்தவருக்கே இரகசிய எண் தெரியும் என்பதால், அதைப் பதிபவர் பொருளை நேரில் கண்டவர் என்று கொள்ளப்படுகிறது. ஆகவே அந்த எண் தெரியும்படி ஒளிப்படம் வெளியிடுவது முறையன்று.

பயணக் குறியை யாரும் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வாரங்களுக்குள் அடுத்த பெட்டிக்கு அனுப்பிவிடுவது நல்ல வழக்கம். தாமதமானால் உரிமையாளருக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். பதிவின்படி பெட்டியில் இருக்க வேண்டிய பொருள் அங்கே இல்லையென்றால், பொருளின் உரிமையாளரோ பெட்டியின் உரிமையாளரோ அதைக் 'காணவில்லை' என்று குறிக்கலாம். அதன்பின் பதிவில் அப்பொருள் 'இடம் தெரியாதது' ஆகிவிடும். பல மாதங்கள் கழித்து எவரேனும் கண்டெடுத்து எண்ணைப் பதிந்தால், பயணம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

தகடு ஒரே எண்ணுடன் இரட்டையாக விற்கப்படுகிறது. ஒன்று பயணம் போகும். மற்றது உரிமையாளரிடம் இருக்கும். முதல் தகடு திரும்பாது என்று உறுதியானபின் இரண்டாவது தகட்டை அனுப்புவோர் உண்டு.

இவ்விதிகளின் சிறப்பு

இவ்விதிகளில் பாராட்டத்தக்கவை இரண்டு. முதலாவது, 'காணவில்லை' என்னும் சொல் பொருளின் நிலையை மட்டும் கூறுகிறது. எவரையும் திருடர் என்று கூறுவதில்லை. இரண்டாவது, திரும்பி வரும் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. ஓராண்டு மேசை இழுப்பறையில் மறந்து வைத்திருந்தவரும், எந்தத் தண்டமும் இன்றி, அடுத்த பெட்டியில் வைத்துவிட்டுப் போகலாம். வெட்கப்பட வேண்டிய நிலை இல்லாதபோது பொருள் திரும்புவது எளிதாகிறது.

முதன்மையான குறை

இம்முறையின் முதன்மையான குறை பதிவேட்டிலேயே இருக்கிறது. பதிவேட்டில் எழுதியவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். எடுத்துவிட்டு எழுதாமல் போனவர் அதில் இருக்கமாட்டார். ஆனால் பொருள் தொலைந்ததும் உரிமையாளர் பார்ப்பது பதிவேட்டைத்தான். அதில் கடைசியாக உள்ள பெயருக்கே கேள்வி போகிறது. ஆக, விதியை மதித்து எழுதியவரே சந்தேகத்திற்கு உள்ளாகிறார்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் ஒரு பெட்டியில் பொருளை வைத்து, வைத்ததாகவும் பதிகிறார். மறுநாள் விளையாட்டுக்குப் புதியவரான ஒரு சிறுவன் அதைப் பரிசுப் பொருள் என்று எண்ணி எடுத்துச் செல்கிறான். மூன்று மாதம் கழித்து, "என் பொருளை எப்போது தரப்போகிறீர்கள்?" என்று முதலாமவருக்குச் செய்தி வருகிறது. அவர் செய்த தவறு எதுவும் இல்லை. இனி எந்தப் பயணக் குறியையும் தொடக்கூடாது என்று அவர் முடிவு செய்தால், அதற்கு அந்தக் கேள்வியே காரணம்.

திருமங்கலத்தைச் சுற்றியுள்ள சமவெளியை நினைத்துப் பார்த்தால் இக்குறை இன்னும் தெளிவாகும். கண்மாய்க் கரையிலோ சீமைக்கருவேலங்காட்டு ஓரத்திலோ ஒரு பெட்டி மறைந்திருந்தால், அதை முதலில் காண்பவர் விளையாட்டுக்காரராக இருக்கமாட்டார். ஆடு மேய்ப்பவரோ கரை வேலைக்கு வந்தவரோதான் காண்பார். ஆங்கில எழுத்தும் எண்ணும் உள்ள தகடு அவருக்குக் கீழே கிடந்த ஒரு பொருள், அவ்வளவே. அவரைக் களவாடியவர் என்பது பொருந்தாது. 'இது பயணம் செய்யும் பொருள், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்' என்று தமிழில் ஒரு வரி எழுதியிருந்தால் பாதிப் பொருள்கள் தொலையாமல் இருக்கக்கூடும்.

பள்ளி நூலகத்தில் கண்டது

இதே குறை நூலகங்களிலும் உண்டு. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஆண்டு இறுதியில் நூல் இருப்பு சரிபார்க்கும்போது, குறையும் நூல்களுக்கு நேரே பதிவேட்டில் உள்ள கடைசிப் பெயரைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிப்பார்கள். பெயர் வாசிக்கப்பட்ட பிள்ளைகளில் பலர் நூலைத் திருப்பிக் கொடுத்தவர்கள். வரவு வைக்காமல் விடப்பட்டிருக்கும். அதன்பின் அப்பிள்ளைகள் நூலகப் பக்கமே வருவதில்லை. கையெழுத்திடாமல் நூலை எடுத்துச் சென்றவர்களின் பெயரோ ஒருநாளும் வாசிக்கப்பட்டதில்லை.

பிறகு ஓராண்டு அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டு, தேர்வு நாட்களில் நூலகக் கதவுக்கு வெளியே ஓர் அட்டைப் பெட்டி வைக்கப்பட்டது. நூலைப் போட்டுவிட்டுப் போகலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டோம் என்று அறிவித்தோம். வந்த நூல்களில் சில, பதிவேட்டில் இரவல் என்றே எழுதப்படாதவை. பெயரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அவை வந்திருக்க வாய்ப்பே இல்லை.

உ.வே.சா. காட்டிய வழி

தமிழில் தொலைந்த பொருளைத் தேடியவர்களுள் தலையாயவர் உ.வே.சாமிநாதையர் (1855–1942). 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் அவருக்குச் சீவக சிந்தாமணியை அறிமுகம் செய்தார். அந்நூலை அவர் 1887ஆம் ஆண்டு பதிப்பித்தார். தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன. இவற்றுக்காக அவர் ஊர் ஊராகச் சென்று, மடங்களிலும் புலவர் வீடுகளிலும் ஏடுகளைத் தேடினார்.

ஏட்டுச்சுவடியில் வரிசை எண் இல்லை. இரகசியக் குறியும் இல்லை. இன்னாரிடம் இருந்ததாக யாரோ சொன்ன சொல் மட்டுமே தடயம். ஆகையால் ஒவ்வொரு வீட்டிலும் கிடைத்த செய்தி அடுத்த வீட்டிற்கு வழிகாட்டியது. அவருடைய முறையில் கேட்கப்படுபவர் குற்றஞ்சாட்டப்பட்டவர் அல்லர், சாட்சி. உதவியவர்களின் பெயரையும் ஊரையும் அவர் தம் பதிப்புகளின் முகவுரையில் நன்றியுடன் குறிப்பிட்டார். பதிவேட்டில் பெயர் இருப்பது இங்கே ஒரு பெருமை. கொடுத்தவருக்கு மரியாதை கிடைப்பதைக் காணும் மற்றவர்க்கும் கொடுக்கும் மனம் வரும்.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் அவர் அறிந்த செய்தி இங்கே நினைக்கத்தக்கது. அங்கிருந்த பழைய ஏடுகள், ஆகம முறை என்று கருதி நெருப்பில் இடப்பட்டுவிட்டன என்பதை அவர் தம் தன்வரலாற்றில் வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார். கேட்பவருக்கு அது கசப்பான விடை. எனினும் அது உண்மையான விடை. இனி அங்கே தேட வேண்டியதில்லை என்பது தெரிந்துவிட்டது. 'இல்லை, போய்விட்டது' என்று ஒருவர் அஞ்சாமல் சொல்லக்கூடிய நிலையை உருவாக்குவதும் மீட்பின் ஒரு பகுதியே. கண்டிக்கும் குரலில் கேட்டால் கிடைப்பது மௌனம்தான்.

பூட்டி வைப்பது தீர்வா?

தொலையும் என்று அஞ்சினால் வெளியே அனுப்பாமலே இருக்கலாமே என்று கேட்கலாம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்தனர். 1931ஆம் ஆண்டு வெளிவந்த தம் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' நூலில் சீர்காழி சீ. இரா. அரங்கநாதன் இதனை எடுத்துக்காட்டி, நூல்கள் பயன்படுவதற்கே உரியன என்பதை முதல் விதியாக நிறுவினார். அதே ஆண்டு அக்டோபர் மாதம் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டு, சுற்றுப்புறக் கிராமங்களுக்கு நூல்களைக் கொண்டு சென்றது. வண்டியில் ஏற்றிய நூலுக்கு அலமாரியில் உள்ள பாதுகாப்பு இல்லை. அதனை அறிந்தே அவர்கள் அனுப்பினார்கள்.

பயணக் குறிக்கும் இது பொருந்தும். ஊர் ஊராகப் போவதற்கென்றே செய்த பொருளுக்குத் தொலையும் வாய்ப்பும் சேர்ந்தே இருக்கும். திரும்பாவிட்டால் தாங்கமுடியாத பொருளை, தாத்தாவின் கைக்கடிகாரம் போன்ற ஒன்றை, தகட்டில் கோத்து அனுப்புவது உரிமையாளரின் பிழை. அந்த இழப்பின் கோபத்தை முன்பின் அறியாத ஒருவர்மேல் காட்டுவது நியாயமன்று.

மென்மையின் எல்லை

எல்லா இழப்புக்கும் மென்மை பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் திருமேனியை, கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டு பல மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஒளிப்படத் தொகுப்பு அதனை அடையாளம் காண உதவியது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இங்கே பொருள் விற்கப்பட்டது; போலி ஆவணங்கள் காட்டப்பட்டன. அங்கு வேண்டியது காவல்துறையும் வழக்கும்தான்.

ஆகவே முதலில் பிரித்தறிய வேண்டும். மறதியால் தங்கியது, அறியாமையால் எடுக்கப்பட்டது, விற்பதற்காகத் திருடப்பட்டது ஆகிய மூன்றும் வேறு வேறு. பயணக் குறியும் இரவல் நூலும் பெரும்பாலும் முதல் இரண்டு வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது வகைக்கு உரிய குரலை அவற்றுக்குப் பயன்படுத்துவதே நாம் அடிக்கடி காணும் தவறு. எவ்வகையாயினும், பொருளை அனுப்புமுன் ஒளிப்படமும் குறிப்பும் எடுத்து வைப்பது பயன்தரும் என்பதற்கு ஸ்ரீபுரந்தான் சான்று.

எப்படிக் கேட்பது?

மேற்கண்டவற்றிலிருந்து மாணவர்கள் பின்பற்றத்தக்க சில முறைகளைத் தொகுக்கலாம்.

1. கேட்குமுன் தேடுக. பெட்டி இருக்கும் ஊருக்கு அருகில் உள்ளவரையோ பெட்டியின் உரிமையாளரையோ ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி வேண்டலாம்.

2. கடைசியாகப் பதிந்தவரைச் சாட்சியாகக் கருதிக் கேட்க. "என் பொருள் எங்கே?" என்பதைவிட, "நீங்கள் பார்த்தபோது அது எங்கே இருந்தது என்று நினைவிருந்தால் சொல்லுங்கள், தேட உதவியாக இருக்கும்" என்பது நல்லது. பொருள் அவரிடமே இருந்தாலும், கௌரவமாகத் திருப்பித்தர இக்கேள்வி இடம் கொடுக்கிறது.

3. பொதுவெளியில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம். தனிச் செய்தி போதும். விடை வராவிட்டால், சில வாரம் கழித்து இன்னும் ஒருமுறை கேட்கலாம். அதற்குமேல் கேட்பது நச்சரிப்பு.

4. பொருள் இல்லையென்று தெரிந்தபின் 'காணவில்லை' என்று குறிக்கத் தயங்க வேண்டாம். அதைத் தேடி வேறொருவர் வெயிலில் நடந்து வந்து வெறும் பெட்டியைத் திறக்கும்படி விடுவது அவருக்குச் செய்யும் தீங்கு.

5. திரும்பி வந்தால் நன்றி சொல்க. இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று விசாரிக்க வேண்டாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

முடிவுரை

எண்ணும் பதிவும் ஒரு பொருள் எதுவரை வந்தது என்று காட்டும். அதற்கு அப்பால் அதைத் திரும்பக் கொண்டுவருவது மனிதரின் மனம். ஜியோகேச்சிங் விளையாட்டின் விதிகள் அந்த மனத்திற்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் விளையாடுவோர் பலர் பதிவேட்டின் கடைசிப் பெயரைக் குற்றவாளியின் பெயராக வாசிக்கின்றனர். எழுதியவரைத் தண்டித்து எழுதாதவரை விட்டுவிடும் எந்த முறையும், நாளடைவில் எல்லாரையும் எழுதாதவர்களாகவே ஆக்கிவிடும். தகடு தொலைந்தால் இன்னொரு தகடு வாங்கலாம். எடுத்ததை எழுதிவைக்கும் பழக்கம் போய்விட்டால், அடுத்து அனுப்பும் பொருளைத் தேடத் தடயமே இருக்காது.