பாரிசில் ஒலித்த அருட்பா

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைக் காண வருவோர், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அவ்வெழுத்துகளை இன்றும் காணலாம். குடவோலை முறையின் விதிகள் அங்கே இருக்கின்றன. அவற்றைச் சபையில் படித்தவரின் குரல் இல்லை. எழுத்து சொல்லைக் காக்கும், குரலைக் காப்பதில்லை. இசையை ஏட்டில் எழுத முற்படும் எவரும் சந்திக்கும் இடர் இதுவே. தமிழ்ப் பாட்டொன்றை ஏட்டில் வடித்த பிரெஞ்சு இசைவாணர் ஒருவர் அவ்விடரை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

அவர் மோரிஸ் தெலாஜ் (1879-1961). புகழ்பெற்ற ரவேலின் மாணவர், நண்பரும்கூட. 1912ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் பயணம் செய்தவர். அவர் சார்ந்திருந்தது 'இம்ப்ரெஷனிசம்' எனப்படும் மனப்பதிவு இசைநெறி.

அந்நெறியின் புதுமை என்ன? பழைய ஐரோப்பிய இசையில் ஒரு சுரக்கூட்டு அடுத்த கூட்டை அழைக்கும்; அது மற்றொன்றைத் தேடும்; இறுதியில் யாவும் ஆதார சுரத்தில் வந்து அடங்கும். இந்த இழுவிசையே அதன் ஒத்திசைக்கு உயிர். தெபுஸி போன்றோர் இவ்விழுவிசையைத் தளர்த்தினர். 1894இல் பாரிசில் அரங்கேறிய அவரது ஃபானின் பிற்பகல் முன்னிசை, துணையேதுமின்றித் தனிக்குழலில் தொடங்குகிறது. அங்கே சுரக்கூட்டு எங்கும் விரைவதில்லை. நின்று நிறம் காட்டுகிறது. ஏரி நீரில் காற்று படும்போது அலை நெளிகிறது. நீர் இடம் பெயர்வதில்லை. அதுபோன்ற அசைவு அது. இத்தகைய நிலைத்த ஒத்திசையின்மேல்தான் நம் இராகம் மூச்சுவிட இயலும். விரையும் சுரக்கூட்டு இராகத்தைத் தன் வழிக்கு இழுத்துச் சென்றுவிடும்.

தெலாஜின் முதற்பெரும் ஆக்கம் 'நான்கு ஹிந்து கவிதைகள்'. 1914 ஜனவரி 14 அன்று பாரிசில் அரங்கேறியது. ஒரு குரல், பத்துக் கருவிகள். பாட்டுகளின் தலைப்புகள்: மதராஸ், லாகூர், பனாரஸ், ஜெய்ப்பூர். அக்காலப் பிரெஞ்சு வழக்கில் 'ஹிந்து' என்பது சமயப் பெயரன்று. இந்தியாவைச் சேர்ந்தது என்றே பொருள்படும். 'லாகூர்' இதற்குத் தக்க சான்று. அதன் சொற்கள் யூதக் குடும்பத்திற் பிறந்த ஜெர்மானியக் கவிஞர் ஹைனேயுடையவை. அதில் வரும் செல்லோவின் தனியிசையோ உஸ்தாத் இம்தாத் கான் (1848-1920) இசைத்தட்டில் வாசித்த ஜோன்புரி ஆலாபனையைத் தழுவியது என ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஜோன்பூரை ஆண்ட சுல்தான் ஹுசைன் ஷா ஷர்க்கியோடு இணைத்துப் பேசப்படும் இராகம் அது. தலைப்பு ஒரு பெயரைச் சொல்ல, உள்ளே ஒலிப்பவை வேறு பல பெயர்கள்.

'லாகூர்' அழகிய படைப்பு என்பதில் ஐயமில்லை. வில்லால் வாசிக்கும் செல்லோவின் நரம்பை விரலால் மீட்டி இழுத்து, நம் கமகத்தை எட்ட முயல்கிறார். பாடகி சொல்லை விட்டு, வாய் மூடியும் திறந்தும் ஒலிக்கிறாள். எனினும் உஸ்தாதின் ஆலாபனை இங்கு படத்தின் ஒரு வண்ணமாகிவிடுகிறது. ஆலாபனைக்குரிய பொறுமையான வளர்ச்சிக்கு இடமில்லை.

அடுத்து வந்த 'இராகமாலிகை' வேறு வகையானது. கோயம்புத்தூர் தாயி (1872-1917) கிராமபோன் தட்டில் பாடிய இராமலிங்க அடிகளின் அருட்பாவே அதன் மூலம். தெலாஜ் அத்தட்டின் போக்கையே பெரிதும் பின்பற்றி, தமிழ்ச் சொற்களோடு, முதலில் பியானோவுக்கும் பின்னர் இசைக்குழுவுக்கும் அமைத்தார். வடிவமும் அவர் வகுத்ததன்று. ஓர் இராகம் முடிய மற்றோர் இராகம் தொடுக்கப்படும் மாலை அது. ஒரு கருத்தை எடுத்து உடைத்து வளர்க்கும் ஐரோப்பியக் கட்டுமானம் அன்று. சில நிமிடங்களே கொள்ளும் பழைய தட்டின் அளவும் அவ்வடிவத்தைச் செறிவாக்கியது.

ஒத்திசையில் அவர் செய்தது இன்னும் வியப்புக்குரியது. பியானோவின் தாழ்ந்த சுரமொன்றின் தந்திக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். அச்சுரம் தன் நாதத்தை இழந்து, தோற்கருவியின் மங்கிய தட்டொலியாகிறது. சுரக்கூட்டுகளைக் குவிக்கத் தெரிந்த கை, குரலுக்காக ஒரே சுரத்தை அடக்கித் தட்ட ஒப்புகிறது.

குறையும் இல்லாமலில்லை. ஏட்டில் சுரம் ஒரு புள்ளி. தாயியின் குரலில் அது ஒரு நெளிவு. ஏட்டை மட்டும் கண்டு பாடுவோர்க்கு அந்நெளிவு கிட்டாது. கல்வெட்டில் குரல் தங்காதது போலவே இதுவும். எனவே ஏட்டையும் தட்டையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.

இவ்வருட்பா நம் இல்லங்களுக்கு அயலானதன்று. அருட்பா மருட்பா வழக்கு எழுந்தபோது அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டவர்களுள் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரும் (1874-1950) ஒருவர். அவர் நாவால் காத்த பாடலை, அதன் மொழியறியாத ஒருவர் செவியால் காத்தார் எனலாம்.

நம் ஊர்களில் நாகசுரக்காரரின் அருகே ஒத்து ஊதுபவர் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பார். அவர் தளர்ந்தால் இராகம் தளரும். அவரையோ எவரும் புகழ்வதில்லை. 'லாகூரில்' தெலாஜ் ஓவியராக இருந்தார். 'இராகமாலிகையில்' ஒத்துக்காரராக அமர்ந்தார். பிறர் இசையை எடுத்தாள்வோர்க்கு இரண்டாவது இருக்கையே பெருமை தருவது என்பது நம் துணிபு.