ஃபில்டரில் ஒளிந்திருக்கும் வேக வரம்பு

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபு பாசார் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் மசாலாத்தூள் பொட்டலங்கள் ஒரே நீளத்தில் இருப்பதை யாரும் வியப்பதில்லை. பொட்டலமிடும் எந்திரங்கள் பலவற்றில் அந்த ஒழுங்கைக் காப்பவை இரண்டு: தாளை இழுக்கும் உருளையோடு சுழன்று துடிப்புகளை அனுப்பும் என்கோடர், அவற்றை எண்ணும் கவுண்டர் மாட்யூல். மாட்யூலின் உள்ளீட்டு அமைப்புகள் பலவும் தவறினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். என்பிஎன், பிஎன்பி வகை மாறினால் எண்ணிக்கை ஏறாது; என்கோடரின் ஏ, பி என்ற இரு துடிப்புக் கம்பிகள் இடம் மாறினால் பின்னோக்கி ஓடும். இரைச்சலைக் கழிக்கும் ஃபில்டரின் அதிர்வெண் அப்படியல்ல. எண்ணிக்கை துள்ளினால் ஒரு படி குறைப்பது, மறுபடி துள்ளினால் இன்னொரு படி குறைப்பது, அடங்கியதும் அப்படியே விட்டுவிடுவது என்பதே பரவலான வழக்கம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அப்படி வைத்த எண், எவரும் எழுதி வைக்காத வேக வரம்பாக எந்திரத்துக்குள் உட்கார்ந்துவிடுகிறது.

முதலில் நியாயம். மோட்டார் டிரைவிலிருந்து கேபிளில் ஏறும் இரைச்சல் குறுகியது. உண்மையான துடிப்பு நீண்டது. குறுகியதைத் தள்ளிவிட்டால் போதும். 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் காலூன்றிய ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் உருவாக்கிய, என்கோடர் துடிப்புகளை எண்ணும் எச்சிடிஎல்-2016 சில்லு, கடிகாரத்தின் தொடர்ச்சியான மூன்று தட்டுகளிலும் உள்ளீடு மாறாமல் நின்றால்தான் புதிய நிலையை ஏற்கும். சீமென்ஸின் டிஎம் கவுண்ட் மாட்யூலில் இதைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம்: 200 கிலோஹெர்ட்ஸ் என்றால் 2 மைக்ரோவிநாடிக்குக் குறைந்தவை கழியும், 5 கிலோஹெர்ட்ஸ் என்றால் 80 மைக்ரோவிநாடிக்குக் குறைந்தவை. கேபிளைப் பிரிக்க வேண்டாம், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். இரவுப் பணியில் தனியாக நிற்கும் டெக்னிசியன் இதை நாடுவதைக் குறை சொல்ல முடியாது.

கணக்குப் போட்டால்தான் குறை தெரியும். சுற்றுக்கு 1,000 துடிப்பு தரும் என்கோடர், 200 மில்லிமீட்டர் சுற்றளவுள்ள உருளை, நிமிடத்துக்கு 30 மீட்டர் தாள் என்று கொள்வோம். விநாடிக்கு 2,500 துடிப்பு. ஒவ்வொன்றும் 200 மைக்ரோவிநாடி உயர்ந்து நிற்கும். 5 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் தாராளம். பிறகு ஆர்டர் கூடி வேகம் 75 மீட்டரை எட்டினால் துடிப்பு 80 மைக்ரோவிநாடிக்குச் சுருங்கிவிடும். ஏற்றமும் இறக்கமும் துல்லியமாகச் சரிபாதியாக இருக்கும் என்கோடர் கிடையாது என்பதால், அதற்குச் சற்று முன்பே நல்ல துடிப்புகள் விழத் தொடங்கும். எண்ணிக்கை குறைய, தாள் இன்னும் வந்து சேரவில்லை என்று எந்திரம் நம்பி மேலும் இழுக்கும், பொட்டலம் நீளும். மாட்யூலைப் பொறுத்தவரை அந்தத் துடிப்பு வரவே இல்லை, ஆகவே அலாரமும் இல்லை. உருளை வழுக்குகிறது, சென்சாரில் தூசி என்று ஆட்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

உச்ச வேகத்தில் விநாடிக்கு எத்தனை துடிப்பு என்று கணக்கிட்டு அதன் இருமடங்கில் ஃபில்டரை வைத்தாலும் துள்ளல் நிற்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். அப்போது கோளாறு கம்பியில் இருக்கிறது: ஷீல்டு எர்த் ஆகவில்லை, அல்லது மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் ஓடுகிறது. எந்திரம் நின்றிருக்கும்போதே எண்ணிக்கை ஏறினால் அதிர்வையும் சந்தேகிக்க வேண்டும். அதிர்வின் துடிப்பு மில்லிவிநாடிக் கணக்கில் நீளும். வேலைக்கு உதவும் எந்த ஃபில்டரும் அதைப் பிடிக்காது. ஏ, பி இரண்டையும் நான்மடங்கு முறையில் எண்ணினால் ஒன்று கூடி ஒன்று குறைந்து கணக்கு நேராகும். கம்பி மிச்சம் என்று ஏ-யை மட்டும் எண்ணுபவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வேகம் மாறும்போதெல்லாம் யார் கணக்குப் போடுவது என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். யாரும் போடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு ஒருமுறை வரும் இசட் துடிப்பைப் பல இடங்களில் இணைக்காமலே விடுகிறார்கள். இணைத்து, ஓர் இசட்டிலிருந்து அடுத்த இசட் வரை நான்மடங்கு முறையில் 4,000 வருகிறதா என்று நிரலில் நான்கு வரி எழுதினால், 3,996 வந்த சுற்றிலேயே விளக்கு எரியும்; ஃபில்டரை யார், எப்போது, ஏன் இறக்கினார்கள் என்று தெரியாமலிருந்தாலும்கூட.