பெயர் சுட்டப்படாத அடிசில்: சிறுபாணாற்றுப்படையின் அரசவை விருந்து

இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் அமைந்தது. ஓய்மானாட்டு நல்லியக்கோடன் பாணனுக்கு அளிக்கும் விருந்து அதன் இறுதிப் பகுதியில் இடம்பெறுகிறது. சங்ககால மன்னரின் உணவுமுறைக்கு இப்பகுதியைச் சான்றாக எடுத்துக்காட்டும் வழக்கம் உண்டு. ஆயினும் பாட்டை முதலிலிருந்து தொடர்ந்து படிப்போர்க்கு ஒன்று புலப்படும். அரண்மனையில் என்ன சமைக்கப்பட்டது என்பதைப் புலவர் கூறவே இல்லை.

வழியிடை உணவுகளைக் கூறும்போது அவர் இவ்வாறு விலகி நிற்பதில்லை. எயிற்பட்டினத்தில் நுளைமகள் அரித்த பழந்தேறலும் குழல்மீன் சூடும் கிடைக்கும். வேலூரில் எயிற்றியர் அட்ட புளிச்சோறும் ஆமான் சூடும் கிடைக்கும். ஆமூரில் உழவர் வீட்டுப் பெண் தரும் வெண்சோற்றுடன் நண்டுக் கலவை சேரும். அவ்வரிசி குற்றப்பட்ட உலக்கையின் பூண் தேய்ந்திருந்ததுகூடச் சொல்லப்படுகிறது. ஒவ்வோர் ஊரிலும் உணவுக்குப் பெயர் உண்டு. அதனை ஆக்கிய அல்லது அளித்த கைக்கும் அடையாளம் உண்டு. அக்கைகளுள் பெரும்பாலானவை பெண்களுடையவை.

அரண்மனைக்குள் நுழைந்ததும் வருணனையின் இயல்பு மாறுகிறது. மூங்கிலின் உட்தோல் போன்ற மெல்லிய ஆடை முதலில் வருகிறது. சீறிய பாம்பின் கடுமையோடு ஒப்பிடப்படும் தேறல் அடுத்து வருகிறது. அதன் பின்னரே உணவு. அவ்வுணவு பலவகைப்பட்டது, மடைநூல் நெறி வழுவாதது என்பதோடு புலவர் நிறுத்திக்கொள்கிறார். அருச்சுனனின் தமையன் இயற்றியது என்ற குறிப்பைக் கொண்டு அதனை வீமனின் நூலாக உரை காண்பர். அஞ்ஞாதவாசத்தில் விராடன் அரண்மனை மடையனாக மறைந்திருந்தவன் வீமன். காவியத்திலிருந்து வந்த அந்த மடையனைத் தவிர நல்லியக்கோடனின் அடுக்களையில் வேறு யாரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. உண்கலம் பொன்னாலானது, கோள்மீன்கள் சூழ்ந்த இளஞாயிற்றையும் இகழும் தோற்றமுடையது. ஒரு பெருங்கலத்தைச் சுற்றிச் சிறு வட்டில்கள் வைக்கப்பட்டிருந்தன என்று இவ்வுவமையைக் கொண்டு ஊகிக்கலாம். வட்டில்களுக்குள் இருந்தவை எவை என்பதற்குப் பாட்டில் விடையில்லை. வழியில் ஊர்ப்பெண்கள் செய்த உபசரிப்பை இங்கு மன்னனே அருகில் நின்று செய்கிறான்.

இது அரசவை விருந்துகள் அனைத்திற்கும் பொதுவான கவிமரபு என்று கொள்வதற்கும் இடமில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளிக்கும் விருந்தில் ஆட்டின் வெந்த தொடைக்கறியும் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியும் பல வடிவப் பண்ணியங்களும் முல்லை முகை போன்ற சோறும் வரிசையாக வருகின்றன. இரவும் பகலும் ஊன் தின்றமையால், கொல்லை உழுத கொழுவைப்போலப் பற்கள் மழுங்கின என்கிறான் பொருநன். அவன் உண்டதை நினைவுகூர்கிறான். சிறுபாணனோ இன்னும் உண்ணாத விருந்தைப் பற்றிக் கேட்கிறான். வாக்களிக்கப்பட்ட விருந்து என்பதால் மட்டும் இத்தெளிவின்மை நேர்ந்தது எனவும் கூறவியலாது. எயிற்பட்டினத்துக் குழல்மீனும் இனிமேல் கிடைக்கவிருப்பதே. எனவே அரண்மனையை மட்டும் நூலும் பொன்னும் வான்மீனும் நிறைந்த புனைவுலகாகப் புலவர் தெரிந்தே படைத்துள்ளார் எனக் கொள்வது பொருந்தும்.

இவ்வேறுபாட்டைக் கருதாமல் பாட்டையும் தொல்பொருளையும் ஒட்டவைப்பது இடர்தரும். அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும் 1989-1992 ஆண்டுகளில் விமலா பெக்லியும் அகழாய்வு நடத்தினர். மதுவும் ஒலிவ எண்ணெயும் மீன் சாறும் கொண்டுவந்த மத்தியதரைக்கடல் சாடிகளின் துண்டுகள் அங்கே கிடைத்துள்ளன. மரக்காணத்தோடு அடையாளப்படுத்தப்படும் எயிற்பட்டினம் இக்கடற்கரையிலேயே சற்று வடக்கில் உள்ளது. ஆதலால் நல்லியக்கோடனின் தேறலை யவன மதுவாகக் காணும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் யவனர் கொணர்ந்த மதுவை வெளிப்படையாகக் கூறுவது பாண்டியன் நன்மாறனைப் பாடும் 56ஆம் புறப்பாட்டு. சிறுபாணாற்றுப்படையின் துறைமுகத்தில் பேசப்படுவது நுளைமகள் அரித்த உள்ளூர்த் தேறல். கடல்வழி வந்து சேர்வதாகப் பாட்டு காட்டும் பொருள், அலை ஒதுக்கிய மணமுள்ள மரம். உறங்கும் ஒட்டகத்தைப்போலக் கிடக்கும் அதனை அங்குள்ளோர் விறகாக எரிக்கின்றனர். அயல்நாட்டுப் பண்டத்தைக் கடற்கரை மக்கள் எப்படிப் பயன்கொண்டனர் என்பதற்கு இவ்விறகு சொல்லும் அளவுக்குப் பொற்கலம் எதையும் சொல்வதில்லை.

பாட்டில் மிகத் துல்லியமாக வரையப்பட்ட அடுக்களை, வழிகாட்டும் பாணன் தன் பழைய வறுமையை நினைவுகூரும் இடத்தில் உள்ளது. சுவரில் காளான் பூத்திருக்கிறது. கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் பால் தர இயலாமல் குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி உப்பின்றி வேகவைக்கிறாள். உமணரின் உப்பு வண்டிகள் கொற்கைக்குச் செல்லும் காட்சி இதே பாட்டில் உண்டு. அவ்வுப்பு இந்தப் பானையை எட்டவில்லை. பிறர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கின்றனர். அடைத்த கதவுக்குள் உண்டவர்கள் அடையாத வாயில் கொண்ட அரண்மனையில் உண்பர் என்பதே பாட்டின் பெரிய வாக்குறுதி. உணவுப் பட்டியல் அங்கே தேவைப்படாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மன்னன் நின்று ஊட்டுவதற்கும் அடைத்த கதவுக்கும் உள்ள தொலைவை எந்த உணவின் பெயராலும் அளக்க இயலாது.

கரிகாலனின் விருந்தினன் பற்கள் மழுங்கும்வரை பல நாள் தங்குகிறான். நல்லியக்கோடனோ உண்ட அன்றே பரிசில் தந்து விடைகொடுக்கிறான். எருது பூட்டிய தேர் வலவனோடு வாயிலில் நிற்கிறது.