மூன்றாம் மாதத்தில் வீடு மாறும் குழந்தை

பிறந்த குழந்தைக்கு இரவும் தெரியாது, பகலும் தெரியாது. முதல் மூன்று மாதங்களில் அது நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும். ஆனால் ஒரே மூச்சில் தூங்காது. இரண்டு மணி, மூன்று மணி என்று துண்டு துண்டாகத் தூங்கி, பசித்து விழித்து, குடித்துவிட்டு மறுபடி தூங்கும். இருட்டியதும் உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு அந்தச் சின்ன உடம்பில் ஒழுங்குக்கு வரவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கிறது. ஆகவே முதல் மாதத்திலேயே கடிகாரத்தைப் பார்த்துக் குழந்தையைத் தூங்கவைக்கப் பாடுபடும் தாய் வீணாகத்தான் களைத்துப்போகிறாள். பழக்கம் படியத் தொடங்குவது ஏறக்குறைய மூன்றாம் மாதத்திலிருந்து. அந்த நேரத்தில் குழந்தை யார் வீட்டில் இருக்கிறது என்பதில் தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சேலைத் தொட்டிலும் தாலாட்டும் சாம்பிராணியும் இரு கரைக்கும் பொதுவாக இருப்பதால், இந்த வேறுபாட்டை யாரும் கவனிப்பதில்லை.

தமிழ்நாட்டில் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பிரசவம் அந்த ஊர் ஆஸ்பத்திரியில். பிறகு எல்லாம் அம்மாவின் அம்மா கையில். காலையில் அந்தப் பாட்டி முக்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக் குழந்தையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, பாசிப்பயறு மாவு தேய்த்துக் குளிப்பாட்டுவாள். துவட்டி, பொட்டு வைத்து, பால் கொடுக்கச் சொல்லி, "அப்படியே தூளியில போடும்மா, கழுத்தப் பாத்து" என்பாள். குளியல், பால், தூளி. இந்த வரிசை மாறாமல் தினமும் நடக்கும். இதற்கு உறக்க ஒழுங்கு என்று பெயர் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. குளித்த அலுப்பில் தூங்கும் அந்த முதல் தூக்கம் சில சமயம் மூன்று மணி நேரம்கூட நீளும். அந்த மூன்று மணி நேரத்தில்தான் பெற்றவளும் கண்ணை மூடுவாள்.

பிறகு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ வருகிறது. ஒற்றைப்படை மாதத்தில் நல்ல நாள் பார்த்து, சீர் வைத்து, தாயையும் பிள்ளையையும் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். குழந்தைக்கு ராத்திரி எது என்று விளங்க ஆரம்பித்த அதே வாரங்களில் அறை மாறுகிறது, குளிப்பாட்டும் கை மாறுகிறது, குரல் மாறுகிறது. தூளி மாட்ட மேலே கொக்கி இல்லாத அடுக்குமாடி வீடாக இருந்தால் அதுவும் போயிற்று. இரவெல்லாம் குழந்தை அழும். "அம்மா வீட்டுல ஆட்டி ஆட்டியே பழக்கி வச்சிருக்காங்க" என்று ஒரு சொல் விழும். பழி தாய் மேல் வரும். எந்தக் கெட்ட பழக்கமும் இதற்குக் காரணமில்லை. நாமே பார்த்து வைத்த நல்ல நாள்தான் காரணம். இதை வெளிப்படையாகப் பேச வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. அங்கே சீதனத்தோடு வீடும் வளவும் பெண்ணுக்கே எழுதப்படுவது நெடுநாள் வழக்கம்; தேசவழமைச் சட்டம் பெண்ணின் சீதனச் சொத்தைத் தனியாகவே கணக்கில் வைக்கிறது. மட்டக்களப்பிலும் வீடு மகளுக்குத்தான். கலியாணம் கட்டிய ஆண் பெண்ணின் வீட்டுக்கு வருவான். அம்மம்மா அதே வீட்டிலோ, வேலிக்கு அந்தப் பக்கமோ இருப்பா. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாளில் பிள்ளை கிடந்த அறைதான் ஐந்தாம் மாதத்திலும். முப்பத்தொன்றாம் நாள் வரை துடக்கு, அதாவது தீட்டு, என்று தாய் அடுப்படிக்குப் போவதில்லை. காயச்சரக்கு அரைத்துக் கறி வைப்பதும், இலை அவித்த தண்ணி வார்ப்பதும் மற்றவர்கள் வேலை. பின்னேரம் பிள்ளை அனுங்கத் தொடங்கினால், "நித்திரைக்குத்தான் அழுகுது, ஏணைக்குள்ள போடு மோனை" என்று அம்மம்மாவின் குரல் கேட்கும்; தூளியை அங்கே ஏணை என்பார்கள். முப்பத்தொன்று கழிந்த பிறகும் அதே குரல்தான். மகளுக்கு வீடு கொடுப்பதில் இருக்கும் கெடுதல்கள் பலவற்றை நான் மறுக்கவில்லை. சீதனத்தால் உடைந்த வாழ்க்கைகள் எத்தனையோ. ஆனால் பச்சைக்குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் அந்த ஏற்பாடு ஒரு பெரிய கொடை. யுத்தமும் இடப்பெயர்வும் அதைப் பல குடும்பங்களுக்கு இல்லாமல் செய்துவிட்டன. இன்று அம்மம்மா ஒரு மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ரொறன்ரோவிலும், இன்னொருத்தியின் பிள்ளைப்பேற்றுக்கு லண்டனிலுமாக இருக்கிறா.

இலங்கைத் தாய்க்கு வீடு மாறவில்லை, ஆனால் அவகாசம் குறைவு. அங்கே முழுச் சம்பளத்தோடு பிரசவ விடுமுறை 84 நாள். அரசாங்க வேலையில் அதன் பிறகு அரைச் சம்பளத்திலும் சம்பளம் இல்லாமலும் நீட்டலாம். கடன் இருக்கும் வீட்டில் அதை யார் நீட்டுவார்கள்? ஆசிரியையும் வங்கி ஊழியரும் பாலைப் பிழிந்து வைத்துவிட்டுப் புறப்பட, பகல் நித்திரை முழுக்க அம்மம்மாவிடம் போய்விடும். இந்தியாவில் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படி 26 வாரம்; தமிழ்நாடு அரசு 2021 முதல் தன் ஊழியர்களுக்கு 12 மாதம் தருகிறது. இது நல்ல காரியம். ஆனால் வயலிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. அவள் குழந்தையின் தூளி வரப்போர மரக்கிளையில்தான் தொங்குகிறது.

தேயிலைத் தோட்டங்களின் கதை தனி. தமிழ்நாட்டிலிருந்து போன சனங்கள் மலையகத்து லயன் அறைகளில் ஏணை கட்டினார்கள். விடிந்ததும் குழந்தையைப் பிள்ளைக்காம்பரா என்னும் தோட்டக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் தாய் கொழுந்து பறிக்க மலை ஏறுவாள். வரிசையாகத் தொங்கும் ஏணைகளைப் பிள்ளைக்காம்பராக் கிழவி ஒருத்தி மாறி மாறி ஆட்டுவாள். கொழுந்து நிறுக்கும் நேரமே அங்கே பால் நேரம். பால் நேரமே தூக்கத்தையும் தீர்மானித்தது.

இலங்கையிடம் தமிழ்நாடு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டென்றால், அது மருத்துவிச்சி. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியில் இன்று ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு குடும்பநல மருத்துவிச்சி இருக்கிறார். பிறந்து பத்து நாளுக்குள் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வர வேண்டும் என்பது அவருடைய கடமை. தொப்புள், மஞ்சள் நிறம், பால் குடிக்கும் விதம் பார்ப்பார்; பிள்ளையை எங்கே கிடத்துகிறீர்கள் என்றும் பார்ப்பார். தமிழ்நாட்டின் கிராம சுகாதாரச் செவிலியரும் இதே வேலையை அக்கறையோடு செய்கிறார். அவர் தலையில் ஏறும் மக்கள்தொகைக் கணக்கு 5,000. நகரத்தில் அவர் வீட்டுவாசலுக்கு வருவது அரிது.

இதற்கும் தூக்கத்துக்கும் என்ன தொடர்பு? இரவு இரண்டு மணிக்குக் குழந்தை மூன்றாம் முறை எழுந்து அழும்போது, "பால் பத்தல" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். புட்டிப்பால் வரும், அல்லது சர்க்கரைத் தண்ணீர். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகள் இலங்கையில் 82 சதவீதம் என்றது 2016 கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் 2019–21 கணக்கெடுப்பில் அது 55 சதவீதம். இடைவெளிக்குக் காரணங்கள் பல இருக்கும். ஆனால் இரவில் அடிக்கடி எழுவது இயல்புதான் என்று சொல்ல, நம்பிக்கையான ஒருவர் முன்பே வீட்டுக்கு வந்து போயிருப்பது அதில் ஒன்று என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

இரு கரையிலும் விடவேண்டியவை சில. உரைமருந்தில் ஜாதிக்காயைக் கூடுதலாக இழைத்துக் குழந்தையை உறங்கவைப்பது ஆபத்து. அந்த மயக்கம் தூக்கமல்ல. சாம்பிராணிப் புகையைப் பிஞ்சு நுரையீரல் தாங்காது. தூளி, ஏணை எதுவானாலும் துணி வளைவதால் தாடை நெஞ்சில் இடித்து மூச்சுத் தடைபடலாம். எனவே ஆள் பார்த்திருக்கும் நேரத்தோடு அது நிற்கட்டும். இரவில் சமமான, அழுந்தாத படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாக்கக் கிடத்துவதே நல்லது. புரளத் தொடங்கிவிட்டால் தூளியைக் கழற்றிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் கொண்டுவிடும் வழக்கத்தை ஒரே நாளில் மாற்றச் சொல்ல முடியாது. ஆறு மாதம் வரை தள்ளிப்போட முடிந்த குடும்பங்கள் தள்ளிப்போடலாம். முடியாதவர்கள், குழந்தை போர்த்திக்கொண்ட பழைய சேலையைத் துவைக்காமல் கூடவே எடுத்துப் போகட்டும். குளியல், பால், உறக்கம் என்ற வரிசையை நேரம் பிசகாமல் அங்கேயும் தொடரட்டும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் மாமியாரைத் தாய்வீட்டுக்கு அழைத்து நான்கு நாள் தங்கவையுங்கள். இரண்டு பாட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி தண்ணீர் ஊற்ற இன்னொருத்தி காலை நீட்டிக் குழந்தையைக் குளிப்பாட்டட்டும்.