சவர்க்காரத்தில் ஒரு வேட்டைப்பல்

பல் மருத்துவம் படிக்க ஆசைப்படும் தம்பி தங்கச்சிமாரே, ஒரு சன்லைட் கட்டியும் ஒரு சின்னக் கத்தியும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இவ்வளவு மலிவாக, இவ்வளவு இன்பமாகக் கைக்குப் பாடம் சொல்லித்தரும் வாத்தியாரை நான் வேறெங்கும் கண்டதில்லை!

பேராதனைப் பல் மருத்துவ பீடத்துக்குப் போக உயர்தர உயிரியல் பிரிவின் இசட் புள்ளிதான் வழி. கையை யாரும் சோதிப்பதில்லை. கனடாவிலோ முன்பு பல் மருத்துவ நுழைவுத் தேர்வில் சவர்க்காரம் செதுக்குவது பல ஆண்டுகளாக ஒரு பகுதியாக இருந்தது: படத்தைப் பார்த்து, கொடுத்த அளவு பிசகாமல், 30 நிமிடத்தில் முடிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் இதற்குச் சுண்ணக்கட்டி கொடுத்தார்கள். இதை அறிந்த பிறகுதான், பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் அழைக்கும் வரை கிடைத்த நாட்களில், கல்முனை வீட்டு விறாந்தையில் நானும் கத்தியைப் பிடித்தேன்.

முதலில் கனசதுரம், உருளை. விளிம்பு கூராக, முகம் மட்டமாக வர வேண்டும். அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் ஊடே தெரியக் கூடாது. பிறகு மேல் வேட்டைப்பல். தலை ஏறத்தாழ 10 மில்லிமீற்றர், வேர் 17. செதுக்குவதற்காக இரண்டையும் கூட்டி மூன்று மடங்காக்கினால் 81. முன்தோற்றத்தை ஒரு முகத்திலும் பக்கத்தோற்றத்தை அடுத்த முகத்திலும் பென்சிலால் வரைந்து, கோட்டுக்கு வெளியே மெல்ல மெல்லச் சீவ வேண்டும். கூர்முனையிலிருந்து முன்பற்களின் பக்கம் இறங்கும் சரிவு குட்டை, கடைவாயின் பக்கம் இறங்குவது நீளம். அந்தச் சின்ன வித்தியாசம் சரியாக விழுந்ததும், இது வலப்பல்லா இடப்பல்லா என்று பார்த்தவுடன் தெரிகிறதே, அந்தச் சந்தோசத்துக்கு ஈடே இல்லை!

புதிதாகப் பிரித்த கட்டியாகப் பாருங்கள், காய்ந்தது வெடிக்கும். மீதியைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். சீவலை உம்மா உடுப்புக் கழுவ எடுத்துக்கொள்வார். ஒரு துளியும் வீணில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பாடம், மோதிர விரலை ஊன்றிக்கொண்டு வெட்டுவது. ஊன்றிய விரல் இருந்தால் கத்தி வழுக்காது. நோயாளியின் வாய்க்குள்ளும் பல் டாக்குத்தர் பக்கத்துப் பல்லில் விரலை ஊன்றித்தான் வேலை செய்கிறார். பீடத்தில் பல் செதுக்க மெழுகுக் கட்டியைக் கையில் தந்தபோது, நூலைத் தொட்டே இழுவிசை அறியும் மருதமுனை நெசவாளரைப் போல, என் விரல்கள் தாமாகவே வேலையைத் தொடங்கின.

பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் நாட்களைச் சும்மா விடாதீர்கள். வேட்டைப்பல் கைவந்துவிட்டால், ஐந்து முகடுள்ள கீழ்க் கடைவாய்ப்பல்லை, இன்ஷா அல்லாஹ், நீங்களே ஆசையோடு எடுப்பீர்கள்!